பழவேற்காட்டுத் தீவுக்கரையில் ஒரு பகல்: படகு ஏறாமல் சுற்றிவர முழு வழிகாட்டி

வடசென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குக் கிளம்பும் கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். பதினோரு மணிக்கு ஊருக்குள் இறங்கும். முதலில் பிரியாணிக் கடை தேடும், அப்புறம் படகு கேட்கும். படகு கிடையாது என்றதும் உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு, "இங்க என்னதான் இருக்கு?" என்று முனகிக்கொண்டே வண்டி ஏறும். இடத்தில் குறை இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் தலைகீழாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நாளை நடத்துபவை இரண்டு: வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா. கீழே உள்ள வரிசை அந்த இரண்டையும் பார்த்துப் போட்டது. இடையில் ஒன்றை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, முன்னே பின்னே மாற்றாதீர்கள்.

முதலில் இடம் புரிய வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே தொடங்கி பழவேற்காட்டு முகத்துவாரம் வரை கடலை ஒட்டி நீளும் குறுகலான மணல்திட்டுதான் காட்டுப்பள்ளித் தீவு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். தெற்குப் பகுதியில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று வரிசையாக இருக்கும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அங்கே வேலை இல்லை. நாம் போவது வடக்கு முனைக்கு. பழவேற்காடு ஊருக்குள் போய்ப் பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். அதைச் சுற்றியுள்ள மணல், சேறு, கடல் மூன்றும்தான் இந்த வழிகாட்டியின் எல்லை.

1. நாள் குறிப்பது

ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் சரியான மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பழவேற்காட்டு ஏரி நிரம்பிவிடும். ஆழம் கூடினால் சேற்றில் இரை தேடும் பறவைகளுக்குக் கால் எட்டாது, அவை வேறு பக்கம் போய்விடும். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் மெல்ல இறங்கிச் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும். பறவையும் வரும், நடக்க இடமும் கிடைக்கும். மார்ச் மாதமும் பரவாயில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஒன்பதுக்கே மணல் சுட ஆரம்பித்துவிடும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

அடுத்து, ஏற்ற வற்றம். இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் நண்பர் சொன்ன நேரம் இந்த வாரம் உங்களுக்கு உதவாது. சென்னைத் துறைமுகத்துக்கான அட்டவணை இணையத்தில் கிடைக்கும், அதைப் பாருங்கள். ஆனால் ஏரிக்குள் தண்ணீர் முகத்துவாரம் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதால், உள்ளே எல்லாமே தாமதமாக நடக்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதம்.

காலை எட்டு மணியிலிருந்து பதினோரு மணிக்குள் தண்ணீர் வற்றும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. முதல் முறை போகிறவர்களுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே பாதுகாப்பு. தண்ணீர் அவசரமாக ஏறி வராது.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. காணும் பொங்கலன்று பாலத்தைக் கடக்கவே நேரம் போய்விடும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இந்தப் பக்கம் போலீஸ் கட்டுப்பாடு இருக்கும். மீனவர்களையே கடலுக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள், நம்மை விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஏவும் தேதி முன்கூட்டியே வெளியாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலோ, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கை விட்டிருந்தாலோ, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எங்கோ தூரத்தில் அடிக்கும் காற்றின் அலை வெயிலடிக்கும் நாளிலும் இங்கே வந்து சேரும்.

2. பையில் என்ன

செருப்புதான் முதல் விஷயம். பின்பக்கம் வார் வைத்து இறுகக் கட்டும் ரப்பர் செருப்பு வேண்டும். ஹவாய்ச் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். ஷூ போட்டால் தண்ணீர் உள்ளே போய்க் கனக்கும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ஏரியின் அடியில் பழைய மட்டி ஓடுகள் படுகை படுகையாகப் புதைந்து கிடக்கின்றன, ஓரமெல்லாம் பிளேடு மாதிரி.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். பாலத்தைத் தாண்டிய பிறகு எந்தக் கடை எப்போது திறந்திருக்கும் என்று உறுதியில்லை. உப்புக்காற்றில் வியர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். அதனால் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலமும் போட்டுக்கொள்ளுங்கள்.

குடை வேண்டாம். கடற்காற்று அதைப் புரட்டிவிடும். தாடையில் கட்டும் நாடா உள்ள தொப்பி, அல்லது தலையில் சுற்ற ஒரு பருத்தித் துண்டு போதும். நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மூங்கில் கழி கட்டாயம் வேண்டும், எதற்கென்று ஆறாவது பகுதியில் வரும். பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்கு பெருக்கம் போதும். அதற்கு மேல் போனால் காற்றில் கை ஆடி ஒன்றும் தெரியாது. மாற்றுத்துணி ஒரு செட், அதைத் தனியாகக் கட்டிய பிளாஸ்டிக் பையில். போனுக்கும் ஒரு பை. சில்லறையாகப் பணம். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு சிக்னல் தேடுவது நல்லாயிருக்காது.

ட்ரோன் எடுத்துவராதீர்கள். வடக்கே விண்வெளி மையம், தெற்கே துறைமுகம். அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் பொழுது காவல் நிலையத்தில்தான் கழியும்.

3. போய்ச் சேர்வது

ரயில்தான் என் சிபாரிசு. கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை மார்க்கத்துப் புறநகர் ரயிலில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று எங்கே வேண்டுமானாலும் ஏறி, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரியில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, சுமார் 18 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மார்க்கத்தில் பராமரிப்புப் பணி என்று ரயில்களை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும். முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

பைக்கில் வருகிறவர்கள் மணலி, எண்ணூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளோடு ஓட்டவேண்டியிருக்கும். இருட்டில் அது வேண்டாத வேலை. காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரச் சாலையில் வடக்கே போய்விடலாம் என்று வரைபடம் காட்டும், தூரமும் குறைவாகத் தெரியும். அந்தச் சாலையில் சில இடங்களில் கடல் ஏறி மணல் மூடிவிடும். மழைக்காலத்துக்குப் பிறகு புதியவர்கள் அதை நம்பிப் போவது சரியில்லை. மீஞ்சூர் அல்லது பொன்னேரி வழியே வாருங்கள்.

ஏழு, ஏழரைக்குள் பாலத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். காலைக்கடனைப் பொன்னேரியிலேயே முடித்துவிடுங்கள். இதை வெட்கப்படாமல் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், குறிப்பாகக் குழுவில் பெண்கள் இருந்தால். குப்பத்துப் பக்கம் பொதுக் கழிப்பறையை நம்ப முடியாது. வெட்டவெளி மணலில் ஒதுக்குப்புறமும் கிடையாது.

4. முதலில் பாலத்தைத் தாண்டுங்கள், ஊர் அப்புறம்

பேருந்து ஊருக்குள் நிற்கும். டீ குடித்தவுடன் அங்கேயே சுற்றத் தோன்றும், வேண்டாம். நேராகத் தீவுப் பக்கம் போங்கள்.

காரணம் வெயில். காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். ஊர்க்கரையில் நின்று கிழக்கே ஏரியைப் பார்த்தால் தண்ணீரெல்லாம் கண்ணைக் கூசவைக்கும், பறவை ஒவ்வொன்றும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் நின்று மேற்கே திரும்பினால் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நிறம் நிறமாகத் தெரியும், படமும் நன்றாக வரும். மாலையில் இது அப்படியே மாறும், அப்போது ஊர்க்கரைதான் நல்லது. மதியம் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான்: கானல்.

பாலம் தாண்டியதும் முதல் அரை மணி நேரம் கடற்கரைக்கு. காலை வேளையில் ஃபைபர் படகுகள் கரை ஏறுவதைப் பார்க்கலாம். வலையிலிருந்து மீன் பிரிப்பதையும் பார்க்கலாம். மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்புக் கொடியையும், உருண்டை உருண்டையாக முள்ளோடு காற்றில் உருளும் ராவணன் மீசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணல் பறந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பவை இந்த இரண்டும்தான். அதனால் மேட்டின் மேல் ஏறிச் சறுக்குவது வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதையிலேயே போங்கள்.

ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். இரவில் வந்து போகும், பகலில் நீங்கள் பார்க்கப்போவது மணலில் டிராக்டர் ஓடின மாதிரி ஒரு தடம் மட்டுமே. அதன் முடிவில் கிளறிய மணல் இருந்தால் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். தோண்டிப் பார்க்க வேண்டாம், சட்டப்படியும் குற்றம்.

5. பறவை பார்ப்பது

எட்டு மணிக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டி ஏரிப் பக்கம் வாருங்கள். புதியவர்கள் செய்வது இதுதான்: தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரிந்தவுடன் "பூநாரை, பூநாரை" என்று அதை நோக்கி வேகமாக நடப்பார்கள். இவர்கள் நூறு அடி போவதற்குள் பறவைகள் அதற்கு இரண்டு மடங்கு நகர்ந்துவிடும். கடைசியில் இரண்டு தரப்புக்கும் களைப்புதான் மிச்சம்.

ஓர் இடத்தில் உட்காருங்கள். மணல்மேட்டின் ஓரமோ சவுக்கு மரத்தடியோ, உங்கள் உருவம் வானத்துக்கு எதிரே தனியாகத் துருத்தித் தெரியாத இடமாக இருக்கட்டும். கால் மணி நேரம் சும்மா இருந்தால் போதும். தண்ணீர் வற்ற வற்றப் புதிதாக வெளிவரும் சேற்றுக்கு அவையே வரும். ஈரச்சேற்றில்தான் புழுவும் சின்ன நண்டும் மேலே இருக்கும், காய்ந்த சேற்றில் அவை ஆழத்துக்குப் போய்விடும். அதனால் பறவைகள் தண்ணீரின் ஓரத்தோடு சேர்ந்தே நகரும். நீங்கள் உட்கார வேண்டியது தண்ணீர் இப்போது இருக்கும் இடத்துக்கு எதிரே அல்ல, இன்னும் ஒரு மணி நேரத்தில் இருக்கப்போகும் இடத்துக்கு எதிரே.

என்ன பார்க்கலாம்? சிவப்புக் குச்சிக்காலோடு நெடுங்கால் உள்ளான், வளைந்த நீள அலகைச் சேற்றில் கடைசிவரை இறக்கும் கோட்டான் (ஆந்தை அல்ல, இது கரைப்பறவை), அலகைத் தண்ணீரில் இடமும் வலமும் அலசிக்கொண்டே நடக்கும் கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம். மணல்திட்டில் ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கவனியுங்கள். ஒன்று விடாமல் ஒரே திசையைப் பார்த்திருக்கும். காற்று வரும் திசை அது. காற்றை எதிர்த்து உட்கார்ந்தால் இறகு கலையாது, எழும்புவதும் சுலபம்.

பூநாரை கிடைத்தால் அதன் தலையைப் பாருங்கள். அலகைத் தலைகீழாகப் பிடித்து, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, அந்தக் கலங்கல் நீரை அலகுக்குள் இழுத்து வடிகட்டும். கூட்டத்தில் எல்லாத் தலையும் கீழே இருந்தால் உங்கள் தூரம் சரி. சில தலைகள் நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள். எல்லாம் நிமிர்ந்து ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள், நாலு அடி பின்வாங்குங்கள். கோடை தொடங்கும்போது திரும்பிப் போகவேண்டிய பறவைகளுக்கு இப்போது தின்று உடம்பில் கொழுப்பு சேர்ப்பதுதான் வேலை. நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. படத்துக்காகக் கல்லெறிகிறவர்களும் வருகிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு இங்கே இடம் போதாது.

பூநாரை மட்டும்தான் குறி என்றால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இங்கே அது நிச்சயமில்லை. அதே ரயிலில் சூலூர்ப்பேட்டை வரை போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலையில் நின்றால் வாய்ப்பு அதிகம். அது வேறொரு நாளுக்கான பயணம். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

6. சேற்றில் நடப்பது

இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், என்னோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதிகம் தடுமாறுவதும் இதில்தான்.

இறங்குவதற்கு முன் தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். குச்சி தண்ணீரைவிட்டு விலகி நின்றால் வற்றுகிறது, இறங்கலாம். குச்சியைச் சுற்றித் தண்ணீர் வந்திருந்தால் ஏறுகிறது, இன்று வேண்டாம். அட்டவணை என்ன சொன்னாலும் இந்தக் குச்சி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். முகத்துவாரத்தின் நிலையைப் பொறுத்து ஏரி தன் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது தரையைப் படிப்பது. அலை அலையாகச் சின்ன வரி விழுந்திருந்தால் அது மணல் கலந்த தரை, காலைத் தாங்கும். நண்டு வளைகள் நெருக்கமாக இருக்கும் இடமும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். வரியே இல்லாமல், எண்ணெய் தடவினதுபோல் பளபளப்பாக, கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தால் அது புதைசேறு. மேலே பார்க்கச் சமமாக, அழகாக இருக்கும். முழங்கால்வரை இழுத்துவிடும். மூங்கில் கழி இதற்குத்தான்: ஓர் அடி முன்னே ஊன்றிப் பாருங்கள், ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்த வழி வேண்டாம்.

கால் மாட்டிக்கொண்டால் எல்லோரும் செய்வது, இன்னொரு காலை ஊன்றி முதல் காலை மேலே பிடுங்குவது. அப்போது ஊன்றிய காலும் உள்ளே போகும். சேறு காலை விடாததற்குக் காரணம் அடியில் காற்றுப் புகாததுதான். அதனால் பிடுங்காமல், பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். வேட்டி, பேன்ட் பாழானால் போகட்டும். காலைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் சுற்றிலும் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். அப்புறம் குதிகாலை முதலில் எடுங்கள். கூட வந்தவர் கழியை நீட்டட்டும், கிட்டே வர வேண்டாம்.

கணுக்கால் அளவு தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். காலால் தள்ளினால் அது ஓடிவிடும், மேலே மிதித்தால் வால்முள்ளால் குத்தும்.

கெட்டியான திட்டு ஒன்று கிடைத்ததும் அங்கே நின்றுவிடுங்கள். நீங்கள் வந்தவுடன் சேறு வெறுமையாகத்தான் தெரியும். பேசாமல், கையை ஆட்டாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் ஒரு வளையின் வாயில் இரண்டு கண்கள் குச்சிபோல் எழும்பும். அப்புறம் பக்கத்து வளையில். திடீரென்று சுற்றிலும் விரல்நகம் அளவு நண்டுகள், ஆண் நண்டுக்கு மட்டும் ஒரு கை உடம்பளவு பெருத்து, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கையால் சேற்றை எடுத்து வாயில் வைத்து, தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு, மீதியை உருண்டையாக உருட்டிப் போடும். வளையைச் சுற்றிக் கடுகுபோலச் சிதறிக் கிடக்கும் உருண்டைகள் அவைதான். ஒருவர் தும்மினால் போதும், அத்தனையும் உள்ளே. மறுபடி ஐந்து நிமிடம்.

இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்களை இந்தப் பக்கம் பார்க்கலாம். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமல்லவா. அவர்கள் துழாவுகிற பக்கம் நடந்து சேற்றைக் கலக்காதீர்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வாயில் பறியோடு இருப்பவர் பதில் சொல்ல முடியாது, தலையாட்டுவதைப் பாருங்கள்.

தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும், அல்லது பதினொன்றானதும், எது முந்தியோ அப்போது கரை ஏறிவிடுங்கள். மட்டி ஓடு கிழித்திருந்தால் ஏரித் தண்ணீரில் கழுவாமல் கையில் உள்ள குடிநீரில் கழுவிக் கட்டுங்கள். ஊசி போட்டு வெகுநாளாகியிருந்தால் அன்றே டிடி ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

7. கடலில் இறங்குவது

சுருக்கமாகச் சொல்கிறேன்: கணுக்காலுக்கு மேல் வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதே பேச்சுதான்.

இங்கே கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பும் உண்டு. அலை வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரியும். "இங்க அலை கம்மியா இருக்கு" என்று குடும்பத்தோடு அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிக் கடலுக்குள் போகும் வாய்க்கால் அது. கல்லைக் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் முகத்துவாரத்தின் அருகிலும் இந்த இழுப்பு இன்னும் பலம். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏரி முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதன் பக்கமே போகாதீர்கள்.

யாராவது இழுபட்டால் எதிர்த்து நீந்தாமல் கரையோடு இணையாகப் போகச் சொல்லிக் கத்துங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள். பின்னாலேயே குதிக்காதீர்கள். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108. கடல் சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதைத் துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்துவிட்டு, பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

8. படகு

கேட்பீர்கள், தெரியும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் உடுப்பு இல்லாமல் போன குடும்பங்கள். அதன் பிறகு மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டது. பின்வாசல் வழியாக அழைத்துப் போகிறோம் என்று யாராவது வந்து காதில் சொல்லலாம். பேரம் பேசி, விலை குறைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அனுமதியோடு சவாரி தொடங்கினால் சீட்டு, உடுப்பு, ஆள் கணக்கு மூன்றும் இருக்கும். அவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஏறாதீர்கள்.

மீன்பிடிப் படகின் வடிவமே வேறு. வலையும் நாலு ஆளும் தாழ்வாக உட்கார்ந்து போவதற்காகச் செய்தது. பதினைந்து பேர் ஏறி, படம் எடுப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் எடை மேலே போய்ப் படகு புரளும். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நொடியில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

9. நடுப்பகலும் ஊரும்

பதினோரு மணிக்கு மேல் ஊருக்குள் திரும்புங்கள். சாப்பாடு, நிழல், ஊர் சுற்றுவது எல்லாம் இப்போதுதான். வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கும் டச்சுக்காரர் கல்லறை பார்க்கத் தகுந்தது. பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், சுவர் ஏறாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கும், அதற்கேற்பச் சாப்பாட்டை முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். பனை ஓலையில் பெண்கள் முடையும் பெட்டிகளும் கூடைகளும் இந்த ஊரில் விசேஷம். பிளாஸ்டிக் பொம்மைக்குப் பதில் ஒன்று வாங்கலாம்.

குப்பத்தில் நடந்துகொள்ளும் விதம் பற்றி இரண்டு வார்த்தை. கரையில் கிடக்கும் படகில் செருப்புக் காலோடு ஏறி உட்காராதீர்கள். காயப்போட்ட வலையைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது, ஒரு கண்ணி அறுந்தாலும் அதைக் கட்ட ஒருவர் உட்கார வேண்டும். கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்காதீர்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு விசாரித்தால் எந்தப் பக்கம் சேறு ஆழம், இன்றைக்குத் தண்ணீர் எப்போது திரும்பும் என்று எந்தச் செயலியும் சொல்லாததைச் சொல்வார்கள். ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதற்கு இங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. தூண்டிலோடு வருகிறவர்கள் கேட்காமல் எங்கேயும் போட்டுவிடாதீர்கள். குடித்துவிட்டு வருகிறவர்களால்தான் ஊருக்கு வெளியாட்கள் மேல் கோபம். பாட்டில் உடைந்த மணலில் வலை இழுப்பவர் வெறுங்காலோடு நடக்கிறார்.

10. நண்டு வாங்கிக்கொண்டு திரும்புவது

ஏலம் நடப்பது காலையில். அப்போதே வாங்கிவிட்டு நாள் முழுவதும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். காலையில் விலையை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், கிளம்பும்போது வாங்குங்கள். விலை தெரிந்தவரிடம் பேரம் நீளாது.

மீன், இறால் என்றால் தெர்மாகோல் பெட்டியில் மீனின் எடைக்குச் சமமான ஐஸ், ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன். சேற்று நண்டு வேறு கணக்கு. உயிரோடு, நூலால் கட்டியதாக வாங்க வேண்டும். கையில் எடுத்துப் பாருங்கள், உருவத்துக்கு ஏற்ற கனம் வேண்டும். அடிப்பக்கத்தில் கால் சேரும் இடத்தை அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் ஓடு கழற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அமாவாசை நண்டுக்குத்தான் சதை என்று ஒரு பேச்சு உண்டு. நான் நாளை நம்புவதைவிட விரலைத்தான் நம்புகிறேன்.

நண்டை ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்த நண்டு சீக்கிரம் கெடும். நனைத்த சாக்குத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தால் வீடுவரை உயிரோடு வரும்.

நாலரை மணிக்குப் பிறகு ஊர்க்கரையில் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம். வெயில் இப்போது மேற்கே போயிருக்கும், காலையில் கறுப்பாகத் தெரிந்த பக்கமெல்லாம் தெளிவாக இருக்கும். பொன்னேரிக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதைக் காலையில் இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். ரயிலில் நண்டுக் கூடையை இருக்கைக்கு மேலே வைக்காதீர்கள், சொட்டும். காலடியில் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் நண்டை நூலோடேயே கழுவி, நூலோடேயே உறைபெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து அசைவு நின்ற பிறகு வெட்டுங்கள். சமையல் மேடையில் வைத்து முதலில் நூலை அவிழ்க்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் குழுவில் ஒருவராவது இருப்பார்.